37 சொற்களின் வலிமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்வி பற்றிய ஒரு சட்டம் கல்லூரி விளையாட்டுத் திடலை எவ்வாறு மாற்றிற்று என்பதை இத்திங்கள் வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். பெண்மக்களைப் பெற்ற ஒவ்வோர் இல்லத்தாரும் அறியத்தக்க வரலாறு அது.

1972-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியே நாம் கூறவந்தது. அதன் தலையாய வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்களே. மத்திய சர்க்காரின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேற்றுமை காரணமாக எவரையும் விலக்கலாகாது என்பது அதன் சாரம். அதற்காக உழைத்தவர்களுள் ஒருவரான ஹவாய்ப் பிரதிநிதி பாட்ஸி மிங்க் அம்மையார், மருத்துவம் பயில விரும்பியும் பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டவர்.

அவ்வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. 1975-இல் வகுக்கப்பட்ட விதிகளே அதனைத் திடலுக்கும் உரியதென ஐயமற விளக்கின. ஆயினும் விதி வந்தவுடன் வசதி வந்துவிடவில்லை. 1976-இல் யேல் பல்கலைக்கழகப் படகோட்டும் மாணவிகள் 19 பேர், ஆடவர்க்குக் குளியலறை இருக்கத் தாங்கள் மட்டும் குளிரில் ஈர உடையுடன் காத்திருக்க நேர்வதைக் கண்டித்து, அச்சட்டத்தின் பெயரைத் தம் வெற்றுடலில் எழுதிக்கொண்டு அதிகாரியின் முன் நின்றனர். பின்னரே அவர்களுக்கும் குளியலறை கிடைத்தது.

1991-இல் பிரௌன் பல்கலைக்கழகம் சிக்கனம் கருதி மகளிர் அணிகள் இரண்டுக்கும் ஆடவர் அணிகள் இரண்டுக்கும் பண உதவியை நிறுத்திற்று. மாணவிகள் வழக்குத் தொடுத்தனர். பெண்களுக்கு விளையாட்டில் நாட்டம் குறைவு என வாதிட்டது நிர்வாகம். வாய்ப்பே அளிக்காமல் நாட்டத்தை அளப்பது எங்ஙனம்? 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை.

சட்டத்திற்கு முன் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் ஏறத்தாழ 30,000 பேர். இன்று அத்தொகை 2 லட்சத்தைக் கடந்துவிட்டது.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பல கல்லூரிகளில் ஆடவர் மற்போர் அணிகளும் உடற்பயிற்சி அணிகளும் கலைக்கப்பட்டன. பழி சட்டத்தின்மீது விழுந்தது. ஆனால் அணிகளைக் கலைக்குமாறு சட்டம் எங்கும் கட்டளையிடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களைக் கொண்ட கால்பந்து அணியின் செலவைத் தொடத் துணியாத நிர்வாகங்கள் சிறிய அணிகளின்மீது கைவைத்தன. பந்தியில் பெண்ணுக்கு இலை போட வேண்டுமெனில், பெருந்தனக்காரர் இலையில் குவிந்திருப்பதைச் சற்றுக் குறைக்கலாமே; ஏழைப் பையனின் இலையை எடுப்பானேன்? இன்னொரு விந்தையும் உண்டு. 1972-இல் மகளிர் அணிகளின் பயிற்சியாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே. ஊதியமும் மதிப்பும் உயர்ந்தபின் அப்பதவிகளில் பாதிக்கு மேல் ஆடவர் வசமாயின.

ஆகவே, சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே பங்கிடுவோரின் நேர்மைக்கு அது முழுப் பிணையாகாது என்பது நம் கருத்து. மேலும், எச்சட்டமும் கல்லூரி வாயிலோடு நின்றுவிடுவது. மாலையில் மகனை மைதானத்திற்கும் மகளை அடுக்களைக்கும் அனுப்பும் வழக்கத்தை மாற்ற வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.