அத்தை ஏறிய மலை

"மலைக்குப் போகலாம், வருகிறாயா?" என்று நம் ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஊட்டியா, கொடைக்கானலா?" என்றுதான் பதில் வரும். ஊட்டியிலே தொட்டபெட்டா சிகரத்தின் உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் நமக்குப் பரம திருப்தி. அதன் உயரம் சுமார் 8,650 அடி. நான் இந்த வாரம் சொல்லப் போகும் பாதைகளில் பலவற்றில் நடையே அந்த உயரத்துக்கு மேல்தான் ஆரம்பமாகிறது!

உத்தரகண்ட் மாநிலத்தில் கார்வால் என்று ஒரு மலைப் பிரதேசம். கங்கை பிறக்கும் சீமை. லீவு கிடைத்தபோதெல்லாம் நானும் என் மனைவியும் அங்கே ஓடிப்போய் நடந்துவிட்டு வருகிறோம். அதைப்பற்றி இந்தப் பகுதியில் இரண்டொரு தடவை எழுதியதிலிருந்து வாசகிகள் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்களைப் போன்றவர்களால் முடியுமா? ஐம்பது வயதாகிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது."

இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் என் அத்தை. அவளிடம் வருவதற்கு முன்னால், எனக்குப் பிடித்த பாதைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது துங்கநாத். ருத்ரப்பிரயாகை மாவட்டத்தில் சோப்டா என்ற இடம் வரையில் மோட்டார் போகும். ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உயரம். அங்கிருந்து ஆலயத்துக்கு நாலு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வழி நெடுகக் கல் பாவியிருக்கிறது. வழி தவறவே முடியாது, மூச்சுத்தான் தவறும். ஆலயம் இருப்பது சுமார் 12,000 அடி உயரத்தில். பஞ்ச கேதாரங்களில் எல்லாவற்றுக்கும் உயரமானது இதுதான். ரிஷப உருவெடுத்துப் பாண்டவர்களிடமிருந்து மறைந்த சிவபெருமானுடைய கரங்கள் இங்கே வெளிப்பட்டன என்பது ஐதிகம்.

சித்திரையில் போனால் கீழ்ச் சரிவெல்லாம் ஒரே சிவப்பாக மரங்கள் பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறார்களே, அதன் நெருங்கிய உறவு. ஆலயத்துக்கு மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறினால் சந்திரசிலா. காலை வேளையில் வானம் தெளிந்திருந்தால் நந்தாதேவியும் சௌகம்பாவும் கண்ணெதிரே நிற்கும். குளிர் காலத்தில் சுவாமியைக் கீழே மக்கு என்ற கிராமத்துக்கு எழுந்தருளப் பண்ணிவிடுகிறார்கள். பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். மலையில் எப்போது இறங்க வேண்டுமென்று தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாவது கோமுகம். கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர். கங்கோத்ரியே 10,000 அடிக்கு மேல். கோமுகம் ஏறத்தாழ 13,000 அடி. பைன் மரங்கள் நிறைந்த சிர்பாசாவைக் கடந்து, 14-ஆவது கிலோமீட்டரில் போஜ்பாசாவில் இரவு தங்கி, மறுநாள் பனி ஆற்றின் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். காகிதம் இல்லாத காலத்தில் பூர்ஜ மரத்தின் பட்டையில்தான் சுவடி எழுதினார்கள். அந்த மரம் இருந்த இடம் என்பதால்தான் போஜ்பாசா என்று பேர். ஆனால் விறகுக்காகவும் மற்றதற்காகவும் வெட்டி வெட்டி, பேர் மட்டும் மிஞ்சும்போல ஆகிவிட்டது. 1981-இல் நந்தாதேவிச் சிகரத்தில் ஏறிய ஹர்ஷ்வந்தி பிஷ்ட் என்ற கார்வால் பெண்மணி, பிறகு இந்தப் பக்கத்தில் மறுபடி பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்க்கும் வேலையில் இறங்கினார். இவர் கல்லூரியில் பொருளாதாரம் போதித்தவர்.

கோமுகம் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு. பனி வாய்க்குப் பக்கத்தில் போய் நிற்க ஆசைப்படாதீர்கள். மெத்தை வீடு அளவுக்குப் பனிக்கட்டி பெயர்ந்து விழும். அது சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

மூன்றாவதும் நாலாவதும் ஒரே ஊரிலிருந்து புறப்படும் இரட்டைப் பாதைகள். பத்ரிநாத் சாலையில் கோவிந்த்காட் என்ற இடத்தில் இறங்கி, புல்னா வரையில் ஜீப்பில் போய், பிறகு சுமார் பத்துக் கிலோமீட்டர் ஏறினால் காங்கரியா. உயரம் 10,000 அடி. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் மலர்ப் பள்ளத்தாக்கு. வலது பக்கம் ஹேம்குண்ட்.

மலர்ப் பள்ளத்தாக்கை வெளியுலகத்துக்குப் பிரசித்தமாக்கியவர் பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர். 1931-இல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில், மழைக்கு ஒதுங்கினாற்போல் இங்கே வந்து சேர்ந்தார். 1937-இல் திரும்பவும் வந்து தங்கி, மறு வருஷமே புத்தகம் எழுதிவிட்டார். 1939-இல் ஜோன் லெக் என்ற ஆங்கிலப் பெண்மணி செடிகளைச் சேகரிக்க வந்து, பாறையில் கால் வழுக்கிக் காலமானார். அவருடைய சமாதி பள்ளத்தாக்கின் உள்ளேயே பூக்களுக்கு நடுவில் இருக்கிறது. இது 1982 முதல் தேசியப் பூங்கா. 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பூக்கள் உச்சத்தில் இருக்கும். உள்ளே கோவேறு கழுதை போகக் கூடாது. இரவு தங்கக் கூடாது. பூப்பறிக்கக் கூடவே கூடாது.

ஹேம்குண்ட் சீக்கியர்களின் புண்ணியத் தலம். 14,000 அடிக்கு மேலே ஓர் ஏரி, கரையில் குருத்வாரா, பக்கத்திலேயே லக்ஷ்மணருக்கு ஒரு சிறு கோயில். காங்கரியாவிலிருந்து ஆறே கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரில் 4,000 அடிக்கு மேல் ஏற வேண்டும்.

இனி அத்தை.

அத்தை என் தகப்பனாரின் தங்கை. அறுபத்திரண்டு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மாமனார், மாமியார், நாலு குழந்தைகள், பிறகு படுக்கையில் விழுந்த மாமா என்று ஒருவர் மாற்றி ஒருவருக்குச் செய்துகொண்டே இருந்தவள். மாமா போன மறு வருஷம், "பனியை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அழைத்துக்கொண்டு போவாயா?" என்று என்னைக் கேட்டாள். அதுவரை அத்தை யாரிடமும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, உள்ளூர ஒரு கணக்குப் போட்டேன். அந்தப் பக்கத்தில் கண்டி என்று ஒன்று உண்டு. கூலியாள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பிரம்புக் கூடை. யாத்திரிகர் அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. "அத்தைக்கு ஒரு கண்டி பேசிவிட்டால் போச்சு" என்று மனைவியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் மாதம் காங்கரியா போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மலர்ப் பள்ளத்தாக்கில் சும்மா நடந்துவிட்டு, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகின பிறகு ஹேம்குண்ட் போகலாம் என்றாள் என் மனைவி. எனக்கு லீவுக் கணக்கு. "கஷ்டமானதை முதலில் முடித்துவிடுவோம்" என்றேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தலை விண்விண்ணென்று தெறித்தது. காலையில் சாப்பாடும் இறங்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊரை அழைத்து வந்தவன் தலைவலி என்று படுத்துக்கொண்டால் மரியாதை என்ன ஆவது?

அத்தை கண்டியைப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு என் எடை எதற்கு?" என்று மறுத்துவிட்டாள். ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டாள். இருபது அடி நடப்பாள், நிற்பாள், நாலு மூச்சு விடுவாள், மறுபடி நடப்பாள். அரை மணிக்கு ஒரு தரம் பாறையில் உட்கார்ந்து, வெல்லமும் வேர்க்கடலையும் தின்று வெந்நீர் குடிப்பாள். நான் அரைக் கிலோமீட்டர் முன்னால் போய் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நாலாவது கிலோமீட்டருக்கு அப்பால் வாந்தி எடுத்தேன். மலை ஊஞ்சலாடியது. என் மனைவி வந்து முகத்தைப் பார்த்தாள். பாதையில் பதித்திருந்த கல் வரிசையைக் காட்டி, "இதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் பத்து அடி நடந்து காட்டுங்கள்" என்றாள். நாலாவது அடியில் தள்ளாடினேன். "எப்போதிலிருந்து தலைவலி?" என்று கேட்டாள். "ராத்திரியிலிருந்து" என்றேன். அப்போது அவள் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"இறங்குகிறோம்" என்றாள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று நான் முனகியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அத்தையும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கத் தயாராக எழுந்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி எழுந்திருப்பது அவளுக்கு வாழ்நாள் பழக்கம். என் மனைவிதான் அவளைத் தடுத்தாள். "அத்தை, உங்களுக்குத் தலைவலி உண்டா? மயக்கம்? குமட்டல்?" ஒன்றுமில்லை. அவளையும் பத்து அடி நடக்கச் சொன்னாள். கோலம் போடுகிறவளைப்போல நேராக நடந்தாள். பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் தன் பாட்டியோடு மெள்ள ஏறிக்கொண்டிருந்தது. அவர்களிடம் அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொல்லி, அத்தையை ஒப்படைத்தாள். "கொஞ்சம் தலை வலித்தாலும் திரும்பிவிட வேண்டும். என்மேல் ஆணை" என்றாள்.

நான் எப்படி இறங்கினேன் என்று கேட்கிறீர்களா? அத்தைக்காகப் பேசிய அதே கண்டியில்!

ஆயிரம் அடி இறங்கியதும் தலைவலி பாதியாகக் குறைந்தது. காங்கரியாவில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் முழுதும் தெளியாவிட்டால் இன்னும் கீழே போய்விட வேண்டும் என்றார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 14,000 அடியில் நாம் இழுக்கும் மூச்சில், கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். அதையும் மீறி ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுவது இவையெல்லாம் அபாய அறிவிப்பு. அதற்கு முதல் மருந்து இறங்குவதுதான். இளம் வயதும் புஜபலமும் இதற்குக் காப்பு அல்ல.

பகல் கழிந்தது. மழை பிடித்துக்கொண்டது. டெலிபோன் வேலை செய்யவில்லை. "என்ன காரியம் செய்துவிட்டேன்!" என்று என் மனைவி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். தள்ளாடியவன் நான், தவித்தவள் அவள். மேலே இரவில் யாரையும் தங்க விடுவதில்லை. பிற்பகலிலேயே எல்லோரையும் இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்திருந்தும் மனம் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மழைக்கோட்டும் கைத்தடியுமாக அத்தை வந்து சேர்ந்தாள். கூடவே பஞ்சாபிப் பாட்டி. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனால் அரட்டை ஓயவில்லை. ஏரியில் காலை நனைத்தாளாம். பாறை இடுக்கில் கிடந்த பனியைக் கையால் தொட்டாளாம். லங்கரில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் கொடுத்தார்களாம். பிரம்ம கமலம் பூத்திருந்ததாம், பறிக்கவில்லையாம்.

"ரொம்பச் சிரமமாக இருந்ததா, அத்தை?" என்று என் மனைவி கேட்டாள்.

அத்தை சற்று யோசித்தாள். "சிரமம் என்ன? நினைத்தபோதெல்லாம் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாற்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் இப்படி உட்கார்ந்தேன்" என்றாள்.

என் மனைவி எழுந்து போய் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்தானே காலை முழுவதும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தியவன்?

ஆகையால், கேட்டிருக்கும் வாசகிகளுக்கு என் பதில் இது. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, சர்க்கரை வியாதி இருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினம் நடங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். பூட்ஸை ஊரிலேயே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மலைக்கென்று புதிதாக வாங்கினால் முதல் நாளே கொப்புளந்தான். மழைக்கோட்டு, கம்பளிக் குல்லாய், இரண்டு ஜதைக் காலுறை, நனையாமல் பையில் கட்டிய ஒரு மாற்றுடை, இவை போதும். 10,000 அடிக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரம் நாளுக்கு 1,500 அடிக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காங்கரியா, கங்கோத்ரி போன்ற இடங்களில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது செலவல்ல. 2013 ஜூனில் கேதாரநாத்தை அழித்த வெள்ளத்தை நினைவில் வைத்து, மழைக் காலத்தில் அரசாங்க எச்சரிக்கை வந்தால் பிரயாணத்தைத் தள்ளிப் போடுங்கள். தலை வலித்தால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் மறைத்துப் பழகியது போல் மலையிலும் மறைத்துவிடாதீர்கள். துங்கநாத்தில் ஆரம்பியுங்கள்.

ஹேம்குண்ட் ஏரியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த பாதை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

போன வாரம் அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். வரும் மே மாதம் கோமுகம் போகிறாளாம். "நானும் வரட்டுமா, அத்தை?" என்றேன்.

"வாயேன். ஆனால் எனக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும்" என்றாள்.