காவலுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

தீபாவளி விடுமுறைக்கு வீடு திரும்பும் பல்கலைக்கழக மாணவருக்கு முறுக்கோடு ஒரு வேலையும் காத்திருக்கும். மாமா வீட்டுக் கணினி ஆமை போல் நகர்கிறது. சித்தி வீட்டு மடிக்கணினியில் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. "நீதான் யூனிவர்சிட்டியில படிக்கிறியே, வந்து பாரு." நான் படிப்பது கணக்கியல் என்று சொன்னாலும் யாரும் விடுவதில்லை. அப்படிப் போன வீடுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: நச்சுநிரல் தடுப்பு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, சும்மா கிடைப்பதே போதுமா?

வீட்டுக் கணினிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. சும்மா கிடைப்பதைத் தேடி இறக்கிக்கொள்ளவும் தேவையில்லை என்பேன்.

நம் மூத்த மாணவர்கள் படித்த காலத்தில் நிலைமை வேறு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் நச்சுநிரல் தடுப்பு இல்லை. அச்சுக் கடைக் கணினியில் விரலியைச் செருகி எடுத்தாலே ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். ஏவிஜி, அவாஸ்ட், அவிரா ஆகிய இலவச மென்பொருள்கள் அன்றைய மாணவர்களுக்குக் கைகொடுத்தன. 2009இல் மைக்ரோசாப்ட் நிறுவனமே ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் நச்சுநிரல் தடுப்பு கணினியோடு சேர்ந்தே வருகிறது. டிஃபெண்டர் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் பலர் இதைக் கேலி செய்தது உண்மைதான். ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வுக்கூடத்தின் சோதனைகளில் அது பல முறை முழுப் புள்ளிகள் பெற்றிருக்கிறது. வேறொரு தடுப்பு மென்பொருளை நிறுவினால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதாவது, வாசலில் ஏற்கெனவே நிற்கும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

வெளி நிறுவனங்களின் இலவச மென்பொருளில் எனக்குள்ள தயக்கம் கணக்கியல் மாணவியின் தயக்கம். பற்று ஒரு பக்கம் இருந்தால் வரவு மறுபக்கம் இருந்தே ஆக வேண்டும். பயனர் பணம் தராத இடத்தில் வரவு எங்கிருந்து வருகிறது? அவாஸ்ட் விவகாரத்தில் இதற்கு விடை கிடைத்தது. பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விவரங்களைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் வழி அது விற்று வந்தது. 2020இல் செய்தியாளர்கள் இதை வெளிக்கொணர்ந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் அவாஸ்ட் 16.5 மில்லியன் டாலர் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. காவலாளியே வீட்டு நடமாட்டத்தைக் குறித்துவைத்துத் தெருவில் விற்ற கதை இது. டிஃபெண்டரும் தர்மத்துக்கு வருவதன்று; அதன் விலை விண்டோஸின் விலையில் அடக்கம். அந்த வரவு எங்கே இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரிகிறது.

சரி, காசு கொடுத்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? கடவுச்சொல் பெட்டகம், பிள்ளைகளைக் கண்காணிக்கும் வசதி, விபிஎன் என ஒரு மூட்டை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான்கைந்து கருவிகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்க நினைப்பவருக்கு அது பயன்படலாம், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் முதல் ஆண்டு கழிவு விலை, அடுத்த ஆண்டு முழு விலை, அதையும் கடன் அட்டையிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். என் உறவினர் ஒருவருக்குக் கணினிக் கடையில் ஒரே நாளில் இரண்டு தடுப்பு மென்பொருள்களைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதில் பாவம், கணினி மூச்சுத் திணறியது.

இதைவிட மோசமானது அந்தச் சந்தா தரும் தைரியம். "காசு கட்டியாச்சு, இனி பயமில்ல" என்று கண்டதையும் சொடுக்குகிறார்கள். இன்று நம் வீடுகளில் பணத்தைப் பறிகொடுப்பது பழைய பாணி நச்சுநிரலால் மட்டும் அன்று. புலனத்தில் திருமண அழைப்பிதழ் போல் ஒரு கோப்பு வரும். திறந்தால் அது கைத்தொலைபேசியில் நிறுவப்படும் செயலி. காவல் துறை, நீதிமன்றம் என்று சொல்லிக்கொண்டு அழைப்பு வரும். மிரண்டுபோனவர் தம் கையாலேயே பணத்தை மாற்றிவிடுவார். கணினியில் போட்ட எந்தத் தடுப்பு மென்பொருள் இதைத் தடுக்கும்? 2022 அக்டோபரில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தை அமைத்து 997 என்ற எண்ணை அறிவித்தார்கள். சந்தா எண்ணைவிட அந்த எண்தான் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட வேண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய நம் அம்மாக்கள் பலர் நாளிதழை வரி விடாமல் படிப்பார்கள். திரையில் வரும் எச்சரிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கும். டிஃபெண்டர் தரும் உண்மையான எச்சரிக்கை எது, புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைப் போட்டு உலாவியின் மூலையில் எட்டிப்பார்க்கும் போலி எது என்று அவர்களுக்கு யார் சொன்னது? நம்மைப் போன்ற தமிழ்மொழிக் கழகங்கள் கணினிச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுகின்றன, நல்ல பணிதான். 'வைரசு' என்பதா 'நச்சுநிரல்' என்பதா என்று நாம் விவாதிக்கும் நேரத்தில் பாதியை, "அந்தச் சிவப்புப் பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீங்கம்மா" என்று சொல்லக் கொடுத்தால் என்ன?

தம்பி தங்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமம் உடைக்கப்பட்ட விளையாட்டையோ மென்பொருளையோ இறக்கும்போது, பெரும்பாலும் "முதலில் நச்சுநிரல் தடுப்பை அணைத்துவை" என்ற குறிப்பும் கூடவே வரும். திருடன் கதவைத் திறந்துவைக்கச் சொல்கிறான், நாமும் திறக்கிறோம். உரிமம் உடைத்த நச்சுநிரல் தடுப்பையே நிறுவியிருக்கும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்வது!

செலவில்லாத பெரிய காவல், புதுப்பிப்புகளை உடனே ஏற்பது. 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை, பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே அடைத்திருந்தது. அந்தப் புதுப்பிப்பை ஏற்றிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. வீட்டில் இன்னும் அது ஓடுகிறது என்றால், அதன் மேல் புதிய சந்தா வாங்கிப் போடுவது ஒழுகும் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பதைப் போன்றது.

கையில் காசு இருந்தே தீருகிறது என்றால், சில ஆண்டுச் சந்தாப் பணத்தைச் சேர்த்து ஒரு வெளிப்புற வன்தட்டு வாங்குங்கள். தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள், அக்காவின் திருமணக் காணொளி, உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எல்லாவற்றையும் மாதம் ஒரு முறை அதில் படியெடுங்கள். படியெடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கணினியிலேயே மாட்டி விட்டால், கோப்புகளைப் பூட்டவரும் நச்சுநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.