அரைக்காணி யுரேனியம்

அணுசக்தி குறித்து நம் சிற்றிதழ்ச் சூழலில் எழுதுவோர் இரு அணியினர். ஓர் அணிக்கு யுரேனியம் அட்சயபாத்திரம், மற்றதற்கு ஆலகாலம். இரண்டுக்கும் பொதுவானது பெருக்கல் வாய்பாட்டின் மீதான ஒவ்வாமை.

முதல் அணி சலிக்காமல் சொல்வது: ஒரு கிலோ யுரேனியம் 3000 டன் நிலக்கரிக்குச் சமம். சமம்தான், அந்தக் கிலோ முழுவதும் யுரேனியம்-235 ஆக இருந்து முழுவதும் பிளவுண்டால். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் அது 0.7 சதவீதமே. எண்சுவடிக் கணக்கில் அரைக்காணிக்கு, அதாவது 160இல் ஒரு பங்குக்கு, சற்று மேல். 3000 டன்னில் 0.7 சதவீதம் 21 டன். இயற்கை யுரேனியத்துக்கென வடிவமைக்கப்பட்ட கல்பாக்கம் கனநீர் உலைகளுக்குப் பொருந்துவது ஏறக்குறைய இந்த எண்தான். அங்கும் 235 முழுதாக எரிவதில்லை. உலைக்குள் பிறக்கும் புளூட்டோனியம் அக்குறையை ஈடுசெய்கிறது.

21க்கும் 3000க்கும் உள்ள தொலைவை வெள்ளகவியில் கேளுங்கள். கும்பக்கரைக்கும் வட்டக்கானலுக்கும் இடையே, தலைமுறைகளாகச் சாலையின்றிச் சுமந்தே வாழ்ந்த ஊர் அது. சுமைக்கு 30 கிலோ என்றால் 21 டன் 700 சுமை. 3000 டன்னோ 1 லட்சம் சுமை. மலையேறிச் சுமந்தவர்களிடம் இந்த எண்ணை அலங்காரமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இரண்டாம் அணிக்குச் ‘செறிவூட்டப்பட்ட’ என்னும் சொல்லே போதும், அணுகுண்டு என்று எழுதிவிடுவார்கள். கூடங்குளம் எரிபொருளின் செறிவு சுமார் 4 சதவீதம். குண்டுக்கு வேண்டியது 90 சதவீதத்தை ஒட்டியது. அந்த எரிபொருள் அணுகுண்டாக வெடிக்காது. 2011இல் ஃபுகுஷிமாவில் வெடித்தது ஹைட்ரஜன். இல்லாத ஆபத்தைக் காட்டுகிறவர்கள் இருக்கும் ஆபத்தை மறைக்கவே உதவுகிறார்கள்.

இருக்கும் ஆபத்து பயன்படுத்திய எரிபொருளில் உள்ளது. அதில் பிளவுக்கழிவு ‘வெறும் 4 சதவீதம்’ என்பார்கள். எதில் 4 சதவீதம்? கூடங்குளத்தின் ஓர் உலைக்குள் சுமார் 80 டன் எரிபொருள். அதில் கழிவு ஏறத்தாழ 3 டன். 2014 இறுதியிலும் 2017இலும் வணிக உற்பத்தி தொடங்கிய இரு உலைகளிலும் எரிபொருள் திரும்பத் திரும்ப மாற்றப்படும். அத்தனை முறையும் பெருக்க வேண்டும்.

இந்தக் கழிவு எங்கே போகும் என்பது 2011இல் இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. கொடைக்கானலிலும் அதே கதை. 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்பதே பல்லாண்டு விவாதத்தின் மையமாக இருந்தது. எளிய மக்கள் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் நாம் படிமங்களை அடுக்கிக்கொண்டிருப்பது இலக்கியமாகாது. சதவீதம் என்று எவர் சொன்னாலும் ‘எதில்?’ என்று கேட்கத் தெரியாத எழுத்தாளர், எந்த அணியில் இருந்தாலும், அதிகாரத்துக்கே பயன்படுவார்.