ஒரு வேலைக்கு நூறு பேர்

வேலை தேடும் இளைஞன் மற்றவர்களிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்துவிட்டால் வேலை தானாக வந்து கதவைத் தட்டும் என்று நம் பிள்ளைகளுக்கு இன்று நான்கு திசைகளிலிருந்தும் உபதேசம் நடக்கிறது. பயிற்சி நிலையக்காரர் சொல்கிறார். கல்லூரி விழாவுக்கு வரும் பேச்சாளர் சொல்கிறார். செல்போனைத் திறந்தால் அதிலும் ஒருவர் கோட்டு மாட்டிக்கொண்டு நின்று இதையேதான் சொல்கிறார். தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் ஒற்றை அறையில் ஆறு பேரோடு முடங்கிப் படுத்துப் படித்த பிள்ளை இதைக் கேட்கிறான். தனக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் தன்னிடம் ஏதோ மினுமினுப்புக் குறைவு என்று எண்ணிக் குன்றிப் போகிறான். வீட்டில் அம்மாவும், "ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்குது, இவனுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்குது?" என்று கேட்டுவிடுகிறாள். அதோடு அந்தப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன் தலைநிமிர்ந்து உட்காருவதில்லை.

இந்த உபதேசம் முழுப்பொய் என்று நான் சொல்லவில்லை. அது பாதி உண்மை. பாதி உண்மை முழுப்பொய்யைவிட அதிகக் கெடுதல் செய்யும். நான் பத்தாம் வகுப்புத் தேறிய ரயில்வே குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்ப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த ரயில்வே வேலையை வைத்தே இந்த விஷயத்தைப் பேசுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டு ரயில்வே 1,03,769 கடைநிலை வேலைகளுக்கு அறிவிப்புக் கொடுத்தது. டிராக்மேன், பாயிண்ட்ஸ்மேன், ஒர்க்ஷாப் உதவியாளர் போன்ற வேலைகள். அதற்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர். ஒரு வேலைக்கு நூற்றுப் பத்துப் பேர்! அதே ஆண்டு குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு முதலிய 35,281 வேலைகளுக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஒரு வேலைக்கு முந்நூற்றைம்பது பேர்!

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 1 கோடியே 15 லட்சம் பேரும் இரவு பகலாகப் படித்து, எல்லோருமே நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும்? அதே 1,03,769 பேருக்குத்தான்! படிப்பவன் திறமையால் நாற்காலிகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடுவதில்லை. யார் உட்காருவது என்பதைத்தான் திறமை தீர்மானிக்கும். எத்தனை பேர் உட்காரலாம் என்பதைத் தீர்மானிப்பது அரசாங்கம்.

நாற்காலிகள் இல்லையா? இருக்கின்றன. 2023-ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலில், ரயில்வேயில் சி பிரிவில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் இடங்கள் காலியாக இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டது. இடத்தைக் காலியாக வைத்துவிட்டு, வெளியே நிற்பவனைப் பார்த்து "நீ இன்னும் ஜொலிக்க வேண்டும்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? உள்ளே இருப்பவன் இரண்டு ஆள் வேலையைச் செய்து இடுப்பொடிகிறான். வெளியே இருப்பவன் இரவு பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறான்.

காலமும் கொள்ளை போகிறது. 2019-ல் அறிவித்த கடைநிலை வேலைகளுக்கான எழுத்துத் தேர்வு 2022 ஆகஸ்டில்தான் தொடங்கியது. மூன்றரை ஆண்டு! கொரோனா ஒரு காரணம் என்பது சரி. ஆனால் அந்த நோய் வந்தது 2020-ல். விண்ணப்பிக்கும்போது இருபத்தொன்பது வயதாக இருந்தவன் தேர்வு எழுதும்போது முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டான். குமாஸ்தா வேலைத் தேர்வின் முதற்கட்ட முடிவுகள் 2022 ஜனவரியில் வந்தபோது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பிள்ளைகள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். ரயிலைக் கொளுத்தியதை நான் ஆதரிக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலின் காரணத்தை மறைக்கவும் மாட்டேன்.

ஓட்டம் தொடங்குமுன் விழுபவர்கள்

"அப்படியானால் முயற்சியே வேண்டாமா?" என்று தம்பி தங்கைகள் கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் நம்மவர்கள் எங்கே தோற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு முயல வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் ஓட்டத்தில் தோற்பதில்லை. ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே, காகிதத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் பெயர். நம் வழக்கம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது. இங்குள்ள வழக்கம் தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதுவது. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்பார். நாம் ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்வோம், ஒருவர் சாதிப் பெயரைச் சொல்வோம், ஒருவர் தாத்தா பெயரைச் சொல்வோம். முடிவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழில் இன்னொரு பெயர்! ரயில்வே தேர்வு வாரியம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் இருக்க வேண்டும் என்கிறது. தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அழுதுகொண்டு திரும்பும் பிள்ளையைப் பார்ப்பதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்து திருத்துவது மேல் அல்லவா?

அடுத்து, விண்ணப்பம். மேலே சொன்ன 2019 கடைநிலை வேலைத் தேர்வில் போட்டோவோ கையெழுத்தோ சரியில்லை என்று 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 2021 டிசம்பரில் இன்னொரு முறை பதிவேற்ற வாய்ப்புக் கொடுத்தார்கள். எல்லாத் தேர்விலும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியுமா? கடைசி நாள் இரவில், மூலைக் கடையில் இருபது ரூபாய் கொடுத்து யாரோ ஒருவன் கையால் நிரப்பும் விண்ணப்பத்தில்தான் இந்தக் கோளாறுகள் எல்லாம் வருகின்றன. இரண்டு வாரியங்களுக்கு விண்ணப்பித்தால் இரண்டும் தள்ளுபடியாகும் என்பதும் பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். இதில்தான் புலம்பெயர்ந்தவன் பாடு பெரும்பாடு. ஊர்த் தாசில்தாரிடம் போனால், "நீ மும்பையில்தானே இருக்கிறாய், அங்கே வாங்கு" என்கிறார். இங்கே கேட்டால், தாழ்த்தப்பட்டோருக்கு 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பிள்ளை நடுவில் பந்தாக உதைபடுகிறான். சட்டத்தின் நிலை இதுதான்: வேறு மாநிலத்திலிருந்து வந்த தாழ்த்தப்பட்டவர் குடியேறிய மாநிலத்தின் அரசு வேலையில் இட ஒதுக்கீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் ரயில்வே போன்ற மத்திய அரசு வேலைகளில் அந்த உரிமை உண்டு. தகப்பனாருக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த உண்மையான சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநில அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று மத்திய அரசு 1982-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே தகப்பனார் சான்றிதழ் வீட்டில் இல்லையென்றால், அடுத்த முறை கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதை வாங்குங்கள். பிற்படுத்தப்பட்டோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் கொடுக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் மத்திய அரசு வேலைக்குப் போதாது. மத்திய அரசின் ஓ.பி.சி. படிவத்தில் தனியாக வாங்க வேண்டும்.

தரகர் விரிக்கும் வலை

நம்பிக்கை இழந்த வீட்டின் வாசலில்தான் தரகன் வந்து நிற்பான். 2022 டிசம்பரில் வெளியான செய்தி ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை ரயில்வே வேலை என்று சொல்லி டெல்லிக்கு அழைத்துப் போனார்கள். புதுடெல்லி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்க வைத்து, தினமும் எட்டு மணி நேரம் வரும் ரயில்களையும் போகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். அதுதான் பயிற்சியாம்! ஒரு மாதம் எண்ணினார்கள். மொத்தத்தில் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் ஏமாந்தார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "காசு இல்லாமல் வேலை இல்லை" என்று நாமே திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசி அந்தத் தரகனுக்குப் பாதை போட்டுக் கொடுத்தோம். தேர்வு எழுதாமல் ரயில்வேயில் நேரடியாக வேலை வாங்கித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும், அவன் நம் சொந்தக்காரனாக இருந்தாலும், நம்பாதீர்கள். அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை சங்கத்துக்கு வந்து கேளுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பட்டம் வாங்கினால்தான் மதிப்பு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் ரயில்வே அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் பார்த்தே எடுக்கிறார்கள். பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் படித்த பிள்ளைக்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே பரேலும் மாதுங்காவும் இருக்கின்றன. பயிற்சி முடித்தவர்களுக்குக் கடைநிலை வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பயிற்சி முடித்தாலே வேலை உறுதி என்று மட்டும் எண்ண வேண்டாம். அப்படி உறுதி கேட்டுத்தான் 2018 மார்ச் 20 அன்று மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே அப்ரண்டிஸ்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எப்படியானாலும் கைத்தொழில் கையில் இருந்தால் ரயில்வே கைவிட்டாலும் வேறு இடம் கைகொடுக்கும்.

தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பதினைந்து மொழிகளில் தமிழும் ஒன்று. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை அதனால் தாழ்ந்துபோக வேண்டியதில்லை. அதே சமயம் மராத்தியையும் இந்தியையும் பிழையில்லாமல் பேச எழுதக் கற்றுக்கொள்வது நமக்குச் சோறு போடும். குடிவந்த மண்ணின் மொழியைக் கற்பது அடிமைத்தனம் ஆகாது.

உடற்தேர்வையும் மறக்காதீர்கள். ஆண்கள் 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு 100 மீட்டர் தூரத்தை 2 நிமிடத்தில் கடக்க வேண்டும். 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியில் ஓட வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ, 5 நிமிடம் 40 விநாடி. நம் பெண்பிள்ளைகள் மாடிப்படியில் தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள். எடை அவர்களுக்குப் பெரிதல்ல. "பொம்பளைப் பிள்ளைக்கு ரயில்வே எதுக்கு?" என்ற நம் பேச்சுத்தான் பெரிய சுமை.

எதிரி யார்?

கடைசியாக ஒன்று. வேலை குறைவாக இருக்கும்போது, பக்கத்தில் நிற்பவனைக் காட்டி "இவன்தான் உன் சோற்றைப் பறிக்கிறான்" என்று சொல்ல ஆட்கள் கிளம்புவார்கள். 1966-ல் சிவசேனை தொடங்கிய காலத்தில் பம்பாயில் அந்தப் "பக்கத்தில் நிற்பவன்" நாம்தான். அலுவலகங்களில் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டார்கள். 2008 அக்டோபரில் இதே மும்பை வட்டாரத்தில் ரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்தியப் பிள்ளைகளை அடித்து விரட்டினார்கள். அன்று நாம் பட்ட அடியை அவர்கள் பட்டார்கள். விரட்டியதால் மராத்தி இளைஞனுக்கு ஒரு காலியிடமாவது கூடியதா? இல்லையே! நூற்றுப் பத்துப் பேரில் நூற்றொன்பது பேரை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டால், இடத்தை நிரப்பாதவனைக் கேள்வி கேட்க யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளை தேறவில்லை என்றால் அவனை ஏசுவதற்கு முன் அந்த நூற்றுப் பத்துப் பேரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் காகிதங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து சரிபார்ப்போம். முன்பே தேர்வு எழுதிய தம்பிகள் வாரத்தில் இரண்டு மாலை வந்து இளையவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். காலியிடங்களை நிரப்பக் கோரும் மனுவில் மராத்தியரும் பீகாரியும் நம்மோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்களிடம் மனுவை எடுத்துப் போக ஆள் வேண்டும். அந்த வேலைக்கு விண்ணப்பமும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். வருகிறவர் எல்லோருக்கும் இடம் உண்டு.