ஓஸ்லோவில் எங்கே சாப்பிடலாம்?



பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இப்போது எங்கள் பொதட்டூர்பேட்டையிலும் தெருவுக்கு ஒன்றிரண்டு உண்டு. தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். பேரன் பேத்தியைப் பார்க்க அம்மாக்கள் புறப்படுகிறார்கள். ஸ்வெட்டர் வாங்கினாயா, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்தாயா என்று ஆளாளுக்குக் கேட்கிறோம். போகிற இடத்தில் வயிற்றுக்கு என்ன வழி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "பொண்ணு வீட்டுக்குத்தானே போறோம்" என்ற நினைப்பு!

நார்வே நாட்டின் தலைநகரம் ஓஸ்லோ. 2023 ஜூன் மாதம் என் அக்காவோடு அங்கே போயிருந்தேன். அக்காவின் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். அக்காவுக்கு வயது அறுபத்து நான்கு, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய், சுத்த சைவம். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பெண்மணி ஓஸ்லோவில் பட்டினி கிடக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்த இதழ் விஷயம்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனபோது அவர்கள் பணமான குரோனர் ஒன்றுக்கு நம் பணம் சுமார் எட்டு ரூபாய். சாதாரண ஓட்டலில் உட்கார்ந்து ஒருவர் ஒரு வேளை சாப்பிட்டால் பெரும்பாலும் 200 குரோனருக்குக் குறையாது. அக்கா மனசுக்குள்ளேயே எட்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஒரு வேளை சோறு ஆயிரத்தறுநூறு ரூபாயா! எனக்குப் பசியே இல்ல" என்று சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை காசில் இவ்வளவு செலவு வைப்பதா என்ற கூச்சம் வேறு.

இந்தக் கூச்சம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒரு துண்டு ரொட்டியும் டீயும் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு எங்களோடு ஊர் சுற்ற வந்தாள். கார்ல் யூகான் வீதி என்பது அங்கே பெரிய கடைத்தெரு. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. எந்தக் கடை வாசலில் நின்றாலும் "வேணாம், வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். திடீரென்று அந்தக் குளிர் காற்றிலும் அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுக்கம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. பெஞ்சில் உட்கார வைத்து, கைப்பையில் இருந்த சர்க்கரையில் மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு ரொட்டியும் பாலும் வாங்கிக் கொடுத்தோம்.

சகோதரிகளே, சர்க்கரை கூடினால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். மாத்திரை போட்டுக்கொண்டோ, இன்சுலின் ஊசி குத்திக்கொண்டோ சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும். அது அதைவிட அவசரமான ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. கால் மணி கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நார்வேயில் ஆம்புலன்சுக்கு 113 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்.

அதனால் அங்கே எங்கெங்கே மலிவாக, பயமில்லாமல் சாப்பிடலாம் என்று தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் இடம், நம் கைப்பை! சிரிக்காதீர்கள், அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான். வேலைக்குப் போகிறவர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை ரொட்டித் துண்டுகளின் மேல் சீஸ் வைத்து, நடுவே மெல்லிய காகிதம் வைத்து, பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். இதற்கு மாட்பாக்கெ என்று பெயர், நம்ம கட்டுச்சோறுதான். பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. ஆள் உயரச் சிலைகள் நிறைந்த விகெலாண்ட் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நாங்கள் அங்கே புல்வெளியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரே தித்திப்பாக இருக்கிறது. ஊருக்கு வடக்கே உள்ள மரிடால் ஏரியிலிருந்து வருகிறதாம்.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1930களில் கார்ல் ஷியோட்ஸ் என்ற டாக்டரின் யோசனைப்படி ஓஸ்லோ பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலை உணவு கொடுத்தார்கள். முழுத் தானிய ரொட்டி, சீஸ், பால், காரட்டோ பழமோ அதில் இருக்கும். 'ஓஸ்லோ காலை உணவு' என்று அது உலகம் பூராவும் பேர் வாங்கியது. பிற்பாடு அந்த இடத்தை வீட்டுப் பொட்டலம் பிடித்துக்கொண்டது. நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது எனக்கு இது தெரியாது. தெரிந்தபின், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது எல்லா ஊர் அம்மாக்களுக்கும் தெரிந்த சங்கதிதான் என்று தோன்றியது.

இரண்டாவது, கிவி, ரேமா ஆயிரம் போன்ற மளிகைக் கடைகள். அரிசி, பருப்பு, தயிர், முட்டை, காய்கறி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். சைவக்காரர்கள் ஒரு சீட்டில் நாலு வார்த்தையை அவர்கள் எழுத்தில் மகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு ஷோட், மாட்டுக்கு ஸ்தூர்ஃபே, பன்றிக்கு ஸ்வீன், பிறகு ஜெலட்டின். இந்த ஜெலட்டின் மிட்டாயிலும் சில இனிப்புப் பண்டங்களிலும் ஒளிந்திருக்கும். டப்பாவைத் திருப்பி, சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

கடையில் பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் கட்டி இருக்கும், ப்ரூனுஸ்ட் என்று பெயர். பாலைத் திரித்து எடுத்த பின் மிஞ்சும் தெளிந்த நீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. 1863-ல் ஆனெ ஹூவ் என்ற பால்காரப் பெண் அதில் பாலேட்டையும் சேர்த்துக் காய்ச்சினாளாம். அந்தச் சுவைதான் இன்றைக்கு நாடு முழுக்க ஓடுகிறது. அக்கா ஒரு சீவல் வாயில் போட்டுவிட்டு, "அடியே, இது நம்ம திரட்டுப்பால் மாதிரி இல்ல இருக்குது!" என்றாள். உண்மைதான். ஆனால் அதில் பால் சர்க்கரை அதிகம். சர்க்கரைக்காரர்களுக்கு மெல்லிசாக ஒரு சீவல் போதும்.

மூன்றாவது, நம் ஆட்கள் இருக்கும் இடம். நார்வேயில் பத்தாயிரத்துக்கும் மேல் தமிழர்கள் இருக்கிறார்கள். அனேகம் பேர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1956-லேயே ஆண்டனி ராஜேந்திரம் என்பவர் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு 1980களில் சண்டைக்குத் தப்பிப் பலரும் போனார்கள். க்ரோன்லாண்ட், தோயன் பக்கம் போனால் பாகிஸ்தான், துருக்கி, இலங்கை என்று பலவிதக் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சிவப்பரிசி மாவு எல்லாம் அந்தப் பக்கம் தேடினால் கிடைத்துவிடும். ஓட்டல் விலையும் கார்ல் யூகான் வீதியைவிடக் கொஞ்சம் இறக்கம்.

யாழ்ப்பாணத் தமிழரோடு பேசும்போது ஒன்றிரண்டு வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ரொட்டிக்குப் பாண், காரத்துக்கு உறைப்பு, காய்கறிக்கு மரக்கறி. 'மரக்கறிச் சாப்பாடு' என்று கேட்டால் சைவமாகத் தருவார்கள். சம்பலில் மட்டும் 'மாசி போட்டதோ?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாசி என்பது உலர்த்திய மீன்.

அம்மெரூட் என்ற இடத்தில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. சுரங்க ரயிலிலேயே போகலாம். திருத்தணிக்குப் பக்கத்திலிருந்து போனவர்களுக்கு அங்கே முருகனைப் பார்த்தால் எப்படி இருக்கும்! அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. விசேஷ நாள் எது, அன்னதானம் என்றைக்கு என்று போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அல்னாப்ரூவில் சீக்கியர்களின் குருத்வாராவும் உண்டு. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் ரொட்டியும் பருப்பும் பந்தி போட்டுக் கொடுப்பார்கள். எந்த மதம் என்று கேட்பதில்லை. முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள்.

நான்காவது, ஒரு நாளாவது அந்த ஊர்ச் சாப்பாட்டையும் பார்க்கத்தானே வேண்டும்? ஆகெர்ஸெல்வா என்று ஓர் ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. அதன் கரையில் மாட்ஹாலன் என்ற உணவுச் சந்தை 2012-ல் தொடங்கியது. பல கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டும் வரலாம். இந்த ஆற்றங்கரை ஒரு காலத்தில் நெசவாலைகளின் கரை. அருவித் தண்ணீரின் வேகத்தில் தறி ஓடியது. வேலை செய்தவர்களில் ரொம்பப் பேர் பெண்கள். அவர்களுக்கு ஆற்றுப் பாலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். தறி ஓட்டிய பெண்ணுக்குச் சிலை! எங்கள் ஊர்க்காரி எனக்கு அதைவிட்டு நகர மனசே வரவில்லை.

அசைவக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. சால்மன், காட் மீன்கள் எங்கும் கிடைக்கும். ஆட்டுக்கறியையும் முட்டைக்கோசையும் அடுக்கி வேகவைத்த ஃபோரிகோல் அவர்களுடைய தேசிய உணவு. சைவர்கள் உருளைக்கிழங்கு மாவில் செய்த லும்பெ என்ற மெல்லிய ரொட்டியைத் தேடுங்கள். சப்பாத்திக்குத் தங்கை மாதிரி இருக்கும். கடையில் வாங்கிவந்து, உள்ளே நம் உருளைக்கிழங்கு மசாலாவை வைத்துச் சுருட்டினால் பிரமாதம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனில் ராத்திரி பத்தரை மணி வரை அங்கே வெயில் அடிக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துச் சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போட்டால் தவறிவிடும். கடிகாரத்தைப் பாருங்கள். அவர்கள் பகல் சாப்பாட்டைப் பதினொன்று, பதினொன்றரைக்கும், பெரிய சாப்பாட்டை மாலை நான்கைந்து மணிக்கும் முடித்துவிடுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மாத்திரை, ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம்.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம்? புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வறுத்த ரவை, மிளகாய்த்தூள். ஒவ்வொன்றின் மேலும் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நெய், பால்கோவா, இறைச்சி வகைகள் கூடாது. நம் நாட்டிலிருந்து பாலும் கறியும் சேர்ந்த பண்டங்களை அங்கே அனுமதிப்பதில்லை.

அக்கா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கே அப்பாக்களுக்கும் குழந்தை வளர்க்கச் சம்பளத்தோடு லீவு உண்டு. 1993-ல் நான்கு வாரம் என்று ஆரம்பித்து, இப்போது பதினைந்து வாரம். மகள் வேலைக்குப் போக, மாப்பிள்ளைதான் அந்த லீவில் வீட்டில் இருந்தார். கார்ல் யூகான் வீதிச் சம்பவத்துக்கு மறுநாள் பகல் பதினொன்றரைக்கு அவரே சோறும் சாம்பாரும் செய்து தட்டில் போட்டுக்கொண்டு வந்து, "அத்தை, நீங்க சாப்பிடாம இருந்தா குழந்தையை உங்ககிட்ட விட்டுட்டுக் கடைக்குப் போறதுக்கே எனக்குப் பயமா இருக்கு. எனக்காகச் சாப்பிடுங்க" என்றார். அக்கா தலை குனிந்தபடி தட்டை வாங்கினாள். சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல். அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஊர் திரும்புகிற வரையில் அவள் எட்டால் பெருக்கவும் இல்லை, வேளை தவறவும் இல்லை.

ஆகவே தாய்மார்களே, பேத்தியைத் தூக்கக் கையில் பலம் வேண்டும். கூச்சப்படாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மகள்மாரே, அம்மா "பசியில்லை" என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். மணியைப் பார்த்துத் தட்டை வையுங்கள்.

அடுத்த இதழில், பயணத்துக்கான பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இரண்டு மாதம் கெடாமல் செய்யும் பக்குவத்தைச் சொல்கிறேன்.