பள்ளிக்கூடமும் பனியன் கம்பெனியும்: எங்கள் நிலைப்பாடு

திருப்பூரில் அரசுப் பள்ளிகளுக்கு உதவ முன்வரும் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. நோட்டு, சில்வர் தட்டு, ஸ்மார்ட் டிவி, சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் என்று ஆண்டுதோறும் ஏதாவது வந்து சேர்கிறது. இந்த உறவை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஆனால் உதவி எந்த வழியாக வர வேண்டும், எதுவரை வரலாம் என்பது இந்த ஊரில் இன்னும் பேசி முடிவாகவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரும், முன்னாள் மாணவர்களும், சிறு யூனிட் நடத்துவோரும் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே எழுத்தில் வைக்கிறது.

கம்பெனிகளிடம் நாங்கள் முதலில் கேட்பது நேரம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் பொறுப்பு. திருப்பூரில் அந்தத் தாய்மார்கள் பகல் முழுக்க எங்கே இருக்கிறார்கள்? பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசையிலும் தைக்கும் பவர் டேபிளிலும். குழுக் கூட்டமோ வேலைநாளில், பிற்பகலில் நடக்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு பெண் மூன்று மணிக்கு மெஷினை விட்டு எழுந்தால், சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரமாக இருந்தால் சூப்பர்வைசரிடம் கேட்கவே வாய் வராது. மறுநாள் காலை பள்ளி வாசலில் தலைமை ஆசிரியர் தீர்மான நோட்டை நீட்டுகிறார். பிள்ளையை இறக்கிவிட வந்த அம்மா, வண்டியை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். என்ன தீர்மானம் என்று படிக்க அவருக்கு அவகாசமில்லை. ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது, அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இது. குழு உறுப்பினராக இருக்கும் தொழிலாளிக்கு மாதம் ஒருமுறை, கூட்டம் நடக்கும் பிற்பகலில், சம்பளம் பிடிக்காமல் அனுமதி கொடுங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த நேரத்துக்கான சராசரிக் கூலியைக் கொடுங்கள். தன் தொழிலாளர்களுக்காகச் செய்யும் செலவை 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் நிறுவனச் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) கணக்கில் ஏற்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறோம். ஒரு பள்ளிக்கு டிவி தேவையா, கழிப்பறைக்குத் தண்ணீர் தேவையா என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குச் செய்யும் செலவைவிடப் பெரிய நன்கொடை எங்கள் பார்வையில் வேறில்லை.

பணத்துக்கு வருவோம். கம்பெனிகள் சட்டம் 2013, 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு நாங்கள் நினைவூட்டுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக நிதி கொடுத்தால் கணக்கு வெளிப்படையாக இருக்கும். அந்த வழியையே பரிந்துரைக்கிறோம். ஆனால் பணம் எந்த வேலைக்கு என்பது பள்ளி வளர்ச்சித் திட்டத்திலிருந்து வர வேண்டும். கம்பெனி மனதில் நினைத்த பொருளைப் பள்ளியில் கொண்டுவந்து இறக்குவது உதவியாகாது.

ஊரில் பெரும்பாலான யூனிட்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு லாபத்தில் 2 சதவீதம் என்ற பேச்சே பொருந்தாது. ஆனால் அவரிடம் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், மோட்டார் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். அரசுப் பள்ளிகளுக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு தொடக்கப் பள்ளியில் நன்கொடையாக வந்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் சுவரில் தொங்குகிறது. பில்டர் மாற்ற ஆளில்லாததால் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு பள்ளி. பக்கத்து நிட்டிங் யூனிட்காரர் மாதம் ஒருமுறை தன் ஆளை அனுப்புகிறார். அவர் தொட்டியின் மிதவை வால்வு, குழாய் வாஷர், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டுப் போகிறார். அந்தப் பள்ளியில் கழிப்பறை பூட்டிக் கிடந்து நாங்கள் பார்த்ததில்லை. இனி எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் எழுத்தில் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இப்படியெல்லாம் கேட்டால் அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடாதா என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில், 1950களின் பிற்பகுதியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலம், பெஞ்சு, சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவும் ஊரார் நன்கொடையில்தான் தொடங்கியது. அரசு அதில் பங்கேற்றது, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தோடு அது முழுக்க அரசின் கடமையாக நிலைத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தக் கடமையின் தொடர்ச்சியாக வந்தது. ஊர் தொடங்கியதை அரசு ஏற்றுக்கொண்ட வரலாறு இது. எதிர்த் திசையில், அரசு செய்ய வேண்டியதை நன்கொடையாளர் தலையில் இறக்குவதற்கு நாங்கள் துணை போகமாட்டோம். ஆசிரியர் சம்பளம், தூய்மைப் பணியாளர் சம்பளம், வகுப்பறைக் கட்டடம் ஆகியவை அரசின் கடமை. காலிப் பணியிடத்தில் கம்பெனி செலவில் ஆள் போடுவதை அவசரத்துக்கு ஓரிரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். அதுவே வழக்கமாகிவிடக் கூடாது.

2025 தொடக்கத்தில், தனியார் பள்ளிகள் சங்கம் ஒன்று 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதாக வந்த அறிவிப்பு பெரும் சர்ச்சையாகி, கல்வி அமைச்சரே விளக்கம் தர வேண்டிவந்தது. உதவி எங்கே முடிகிறது, உரிமை எங்கே தொடங்குகிறது என்ற பயம் மக்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்தை நாங்கள் மதிக்கிறோம். நன்கொடை கொடுத்தவருக்குப் பள்ளி நிர்வாகத்தில் தனி இடம் கிடையாது. வகுப்பறைக்குள் கம்பெனி விளம்பரம் கூடாது. நோட்டு கொடுக்கும் படத்துக்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தக் கூடாது. கை நீட்டி வாங்கும் குழந்தையின் முகம் எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் வரக் கூடாது.

இன்னொன்றை விட்டுக்கொடுக்காமல் சொல்கிறோம். பத்தாம் வகுப்பில் தவறிய பையனுக்கு இந்த ஊரில் மறுநாளே வேலை கிடைக்கும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். சாயப்பட்டறை ரசாயனத்துக்கு நடுவே பதினெட்டு நிரம்பாதவருக்கும் இடமில்லை. ஒரு கையால் பள்ளிக்கு டிவி கொடுத்துவிட்டு, மறு கையால் அதே பள்ளியின் மாணவனைத் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு உட்கார வைக்கும் நிறுவனத்தின் நன்கொடையை ஏற்க வேண்டாம் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொள்வோம்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது அந்தப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. அவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்பது கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கும் ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்டருக்கும் தெரியும். பணியாளர் பிரிவோ கான்ட்ராக்டரோ அந்தப் பெற்றோரைப் பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் அழைத்துப்போனால், நன்கொடைச் சீட்டில் எழுத முடியாத பெரிய காரியம் அது.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள், தங்கள் தொழிலாளர்களில் யார் யார் எந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் கணக்கெடுக்க வேண்டும். கூட்டத்துக்கான அனுமதிக் கடிதத்தை அந்தந்தத் தலைமை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். கடிதம் அனுப்பிய நிறுவனங்களின் பட்டியலை எங்கள் கூட்டமைப்பு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஒப்படைக்கும். பராமரிப்புக்கு ஆள் அனுப்ப முன்வரும் சிறு யூனிட்களை அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கும் வேலையை எங்கள் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.