இழுத்துப் போடுவதும் வாக்கியம் அமைப்பதே

"புலங்களை இழுத்துப் போட்டால் படம் வந்துவிடும், முறையியல் எதற்கு?" என்ற எண்ணம் தரவுக் காட்சிப்படுத்தல் மென்பொருள்களோடு சேர்ந்து மொழி ஆய்விலும் நுழைந்துவருகிறது. இது மறுக்கப்பட வேண்டிய எண்ணம்.

டேப்லோ மென்பொருளுக்கு மூலம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான போலாரிஸ் ஆய்வு. அதைப் பற்றி 2002இல் கிறிஸ் ஸ்டோல்ட்டி, டயான் டாங், பாட் ஹன்ரஹன் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, நிரை, நிரல் தட்டுகளில் இடப்படும் புலங்களை இயற்கணிதக் கோவைகளாகவே வரையறுத்தது. அங்கே இடமே இலக்கணம். ஒரே தட்டில் இடப்புறமுள்ள வகைப்புலத்துக்குள் வலப்புறமுள்ளது அடங்கும். வரிசை மாறினால் பொருளும் மாறும். எண்புலத்தை இட்டாலோ, மென்பொருள் எதையும் கேளாமல் பெரும்பாலும் கூட்டுத்தொகையைக் காட்டிவிடும்.

மைசூரின் தேவராஜ மொஹல்லா போன்ற பன்மொழிச் சூழலை ஆராயும் மாணவர் முதலில் நாடுவது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 அட்டவணை. அதில் 'இந்தி' என்ற தொகுப்பு 52.83 கோடி; அதன்கீழ்ப் போஜ்புரி உள்ளிட்ட தாய்மொழிகள் தனித்தனி வரிகளாக நிற்கின்றன. போஜ்புரி மட்டும் 5 கோடிக்கு மேல். தொகுப்பு வரியையும் உட்பிரிவு வரிகளையும் பிரிக்காமல் எண்புலத்தைத் தட்டில் இட்டால், அதே மக்கள் இருமுறை எண்ணப்பட்டு இந்தி 105 கோடியைத் தாண்டும். படமோ அழகாகவே இருக்கும்.

மாறாக, தொகுப்புப் பெயரை மட்டும் நிரையில் வைத்தால் கன்னடத்துக்குள் படகர் மொழி மறைந்துவிடும். அதைத் தாய்மொழியாகக் குறித்த 1.33 லட்சம் பேர் எங்கே என்று படம் சொல்லாது. படகு மொழி தனிமொழியா என்ற பழைய விவாதம், ஒரு புலத்தை இடாததால் ஓசையின்றி முடித்துவைக்கப்படுகிறது. மொழியியலாளர் பொறுக்கக் கூடாத தீர்ப்பு இது.

மேலும், மாநிலம், மாவட்டம், வட்டம் என்று இறங்கும் அந்த அட்டவணையில் மொஹல்லா என்ற அலகே இல்லை. எந்தத் தட்டில் எதை இட்டாலும் தேவராஜ மொஹல்லாவின் கன்னடமும் உருதும் தமிழும் அதிலிருந்து வெளிவரா. அதற்குத் தெருவில் இறங்கிக் களப்பணி செய்தாக வேண்டும்.

ஆகவே, ஆய்வேட்டில் இடம்பெறும் ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று செய்திகள் எழுதப்பட வேண்டும்: எந்தப் புலம் எந்தத் தட்டில் இருந்தது, எண்கள் எவ்வாறு தொகுக்கப்பட்டன, எந்த வரிகள் வடிகட்டப்பட்டன. இவற்றைச் சொல்லாத படத்தைச் சான்றாக ஏற்க நெறியாளர்கள் மறுக்க வேண்டும்.